கங்காணி வீட்டு ஓலைக் கூரை

நாம் கல்யாணத்திலோ சாவிலோ கூடும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறீர்கள். ஜப்பான்காரன் காலம், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, கோணிச் சாக்கில் தைத்த பாவாடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் என் பக்கம் திரும்பி, "உங்க தம்பிய அந்தக் கூரைக்காரன்தானே கொன்னான்?" என்று கேட்கிறீர்கள். நானும் இத்தனை வருஷமாக ஒரு மாதிரி தலையை ஆட்டிவிட்டு, காப்பி ஆறிப்போகிறது, குடியுங்கள் என்று பேச்சை மாற்றியிருக்கிறேன். இனி ஆட்ட முடியவில்லை. கழுத்து வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால் வெட்கம். நம் லயத்துப் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம் பேர்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எங்கள் வீடு உங்களுக்கு நினைவிருக்கும். ஒட்டி ஒட்டி வரிசையாக நின்ற லயத்து வீடுகளில் மேட்டு முனையில் கடைசி வீடு. முன்னறை, நடு அறை, பின்னால் அடுக்களை. அப்பா கங்காணி என்பதால் உங்கள் வீடுகளைவிட எங்களுக்கு ஓர் அறை கூடுதல். அந்த ஓர் அறைக்கே என் அத்தைக்குத் தலைகால் புரியாது. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். சாமி, தீட்டு, அடுப்பு மூன்றும் அவள் ஆட்சி. அடுக்களை மூலையில்தான் சாமி படம் இருந்தது என்பதால் மூன்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆண்டாள்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொழுந்து எடுக்க ஆளில்லாமல் தேயிலைச் செடியெல்லாம் மரமாக வளர்ந்து நின்றது. லயத்து ஆண்களில் பாதிப் பேர் ஜப்பான்காரனின் ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்குப் போய்விட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அம்மா எட்டு மாதக் கர்ப்பம். எனக்கு ஒன்பது வயது.

அந்தக் காற்று ஒரு பகல் நேரத்தில் வந்தது. முதலில் ஆலங்கட்டி. தகரத்தில் யாரோ கூடை கூடையாகச் சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம். பிறகு ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிற கிறீச் ஒலி. அத்தை சாமி படத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. மறுநாள் காலை, தேயிலைக்குள் விழுந்து கிடந்த தகரங்களை ஜப்பான்காரனின் லோரி வந்து அள்ளிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுத் தகரத்தை எங்கள் கண் எதிரே ஏற்றிய சிப்பாய்க்கு அப்பா இடுப்பு வளையக் குனிந்து கும்பிடு போட்டார். அவர் குனிந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

புதுத் தகரத்துக்கு எங்கே போவது? ஆணிகூடக் கிடைக்காத காலம். அப்போதுதான் யாரோ சொல்லி, அப்பா ஒரு கூரைக்காரரை அழைத்து வந்தார். லெம்பா பெர்த்தாம் பக்கத்துக் காட்டைச் சேர்ந்தவர், மலையின் பழைய குடி. அந்த மக்களை நாம் அப்போது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அந்தச் சொல்லை இப்போது எழுதக் கை வரவில்லை. குள்ளமான மனிதர். இடுப்பில் ஒரு கத்தி, பின்னால் முதுகுக் கூடையோடு அவர் மனைவி. வந்தவர் வீட்டை இரண்டு முறை சுற்றினார். கூரையைத் தாங்கும் கைமரங்களில் மிஞ்சியிருந்த ஒவ்வொன்றையும் கம்பால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மாட்டு வைத்தியன் வயிற்றைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்பாவுக்கு மலாய் அரைகுறை. நான் கீழே வேறு எஸ்டேட்டில் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். அதனால் குத்தகைப் பேச்சுக்கு நான்தான் நடுவில் நின்றேன். கீழ்க்காட்டிலிருந்து ஓலை கொண்டுவந்து தட்டி தைக்கப் பத்து நாள், வேய இரண்டு நாள் என்றார் அவர். கூலியாக உப்பும், துரை பங்களாவிலிருந்து அப்பா எடுத்து வைத்திருந்த ஜன்னல் துணியும் என்று பேச்சு. பாதி உப்பை அப்போதே கொடுத்தார் அப்பா. அதோடு ஒரு வாக்கும் கொடுத்தார்.

"பாப்பா, அவன்கிட்ட சொல்லு. இந்தக் கூரை நல்லா நின்னுச்சுன்னா லயத்துல பிஞ்சு கெடக்கிற எல்லா வீடும் அவனுக்குத்தான். அடுத்த எஸ்டேட்டுலயும் நான் சொல்லிவிடுறேன்."

நான் சொன்னேன். கூரைக்காரர் திரும்பித் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த உப்பில் ஒரு கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவர்கள் குடியிருப்பில் உப்பைக் கண்டு பல மாதம் ஆகிவிட்டதாம். அந்த வேலை அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

பத்து நாளும் எங்கள் வாசலில் ஓலை வாசம். பச்சை ஓலையை, பிளந்த மூங்கில் சிம்பின் மேல் மடித்து, பிரம்பு நாரால் குத்திக் குத்தித் தைப்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளத் தட்டி. புருஷன் மடிக்க மனைவி தைக்க, பேச்சே இல்லாமல் வேலை ஓடும். மதியம் நான்தான் அவர்களுக்குத் தேயிலைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். எதில் என்று கேட்காதீர்கள். உங்கள் வீடுகளிலும் வேலி ஓரத்தில் அப்படி இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்திருக்கும். நான் சிரட்டையைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்வேன். நான் நகர்கிற வரைக்கும் அவர் கை நீட்டமாட்டார். நான் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வேய்கிற நாள் வந்தது. அவர்கள் முறை இது: அவர் மேலே, மனைவி உள்ளே. அவர் கைமரத்துக்கு ஒரு பக்கமாகப் பிரம்பு நாரை உள்ளே இறக்குவார். மனைவி அதைக் கைமரத்தைச் சுற்றி மறுபக்கமாக மேலே தள்ளுவாள். அவர் இழுத்து முடிச்சுப் போடுவார். உள்ளே ஆள் இல்லாவிட்டால் தட்டி கைமரத்தோடு சேராது. முன்னறையும் நடு அறையும் அப்படித்தான் முடிந்தன. அந்த அம்மாள் வெளியே போனதும் அத்தை தரை முழுக்கச் சாணி போட்டு மெழுகினாள். இரண்டாம் நாள் அடுக்களை. அந்த அம்மாள் வாசற்படிக்கு வந்ததும் அத்தை குறுக்கே கையை நீட்டினாள்.

"அடுப்பும் சாமியும் இருக்கிற எடம். உள்ளுக்கு வரக்கூடாதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். கூரைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு மணி நேரம் போதும், எதையும் தொடமாட்டாள் என்றார். நான் அத்தையிடம் சொன்னேன்.

"ஒரு மணி நேரமா? அப்புறம் அடுப்ப இடிச்சில்ல கட்டணும்! நீ ஏறு பாப்பா பரண்ல. நார வாங்கி நார குடுக்கறதுதானே, இதுக்கு என்ன பெரிய படிப்பா? அப்பா பெரட்டுல ஆள் கணக்கு எடுத்துட்டு வந்தா சொல்லிடாத. பொட்டப்புள்ளய ஏன் பரண்ல ஏத்துனன்னு என்னைத் திட்டுவாரு."

கூரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குழந்தை, கை எட்டாது என்றார். அத்தை திரும்பிப் போய்விட்டாள். அம்மா நடு அறையில் முதுகு வலியோடு படுத்திருந்தாள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டு எனக்கு இரண்டு மூன்று தடவை செய்து காட்டினார், வாசலுக்கு வெளியே நின்று, தூணில். நார் மரத்தைச் சுற்ற வேண்டும், மரத்தை, என்று சொல்லித் தூணைத் தட்டினார்.

விறகுப் பரணில் நின்று செய்தேன். கீழ் வரிசைகள் நன்றாகவே வந்தன. மேலேயிருந்து கம்பால் ஒரு தட்டு, "சுடா?" என்று கேட்பார், முடிந்ததா என்று. "சுடா" என்பேன், முடிந்தது என்று. மேலே போகப் போகக் கைமரம் எட்டவில்லை. நுனிக்காலில் நின்றேன். கரிப்புகை படிந்த மரம், கண்ணில் தூசி. பிரம்புச் சிலும்பு விரலைக் கிழித்தது. ஒரு முடிச்சு தளர்வாக இருந்தது போல. அவர் மேலேயிருந்து கொஞ்சம் அதட்டலாக, இது சரியில்லை, மறுபடி செய் என்றார்.

அந்த அதட்டல்தான். கங்காணி மகளை, வேலியோரச் சிரட்டையில் குடிக்கிறவர் அதட்டுவதா? ஒன்பது வயதில் எனக்கு அப்படித்தான் ஏறியது. எட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அடுத்த நாரைக் கைமரத்தைச் சுற்றாமல், கையெட்டிய தட்டியின் மூங்கில் சிம்பைச் சுற்றி மேலே தள்ளினேன். அவர் இழுத்தார். இறுகியது. "சுடா?" என்றார். "சுடா" என்றேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. மேல் வரிசைகள் முழுக்க அப்படியே செய்தேன். தட்டியைத் தட்டியோடு கட்டினேனே தவிர, வீட்டோடு கட்டவில்லை. கடைசியில் அவர் இறங்கி வாசற்படி வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். அத்தை கதவைப் பாதி சாத்தினாள்.

அடுத்த மாதம் தம்பி பிறந்தான். வெள்ளை வெளேரென்று, தலை நிறைய முடியோடு. குளிருக்கு அடக்கமாக அம்மாவையும் அவனையும் அடுக்களையில், அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். பிள்ளை பெற்ற தீட்டுக்காரியைச் சாமி மூலைக்குப் பக்கத்தில் படுக்க வைக்க அத்தைக்கு என்ன நியாயம் கிடைத்ததோ, படத்தைத் துணியால் மூடிவிட்டுச் சும்மா இருந்தாள். மறைக்க ஒரு துணி போதும் என்றால் அன்றைக்கும் மூடியிருக்கலாமே என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பன்னிரண்டாம் நாள், மத்தியானம், மறுபடியும் காற்று. முன் பக்கத்துக் கூரை அசையவில்லை. அடுக்களையின் மேல் பாதி மட்டும் மொத்தமாக, பாயைச் சுருட்டி எடுக்கிற மாதிரி எழுந்து போனது. ஐஸ் தண்ணீராக மழை. அடுப்பு ஒரே கொட்டலில் அணைந்தது. அம்மா தம்பியின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். இழுத்து முன்னறைக்குக் கொண்டுபோனபோது அவன் அழவில்லை; உதடு நீலமாக இருந்தது. சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரெஸரிடம் மருந்து என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே கூரைக்காரர் வந்தார். காற்று அடித்ததைக் கேட்டு, புது நாரும் மனைவியுமாக விடியும் முன்பே கிளம்பி நடந்திருக்கிறார். வாசலில் நீங்கள் எல்லாரும், உங்கள் அம்மா அப்பாக்களும் கூடி நின்றீர்கள். "முன்பக்கம் கங்காணி கண்ணுல படும்னு ஒழுங்கா கட்டிட்டு, பின்பக்கம் ஏமாத்திட்டான் பாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லாருக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அவர் தேயிலைக்குள் விழுந்து கிடந்த தட்டிகளைத் தூக்கிப் புரட்டினார். கட்டுகள் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. சிம்பைச் சுற்றி இறுக்கமாக இருந்தன. ஒரு கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிஞ்சுச்சுன்னு கேளு அவனை!" அப்பா கத்தினார்.

நான் கேட்டேன். அவர் நிதானமாக, அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். நார் மரத்தைச் சுற்றவில்லை. குழந்தைக்கு எட்டியிருக்காது, குழந்தையை அடிக்க வேண்டாம். அன்றைக்கு என் மனைவியை உள்ளே விட்டிருக்க வேண்டும். இன்றைக்கு விடுங்கள், மழைக்கு முன்னால் கட்டித் தருகிறோம். இவ்வளவுதான் சொன்னார்.

"என்ன சொல்றான்?"

அத்தை என் பின்னால் நின்றாள். அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின. அவளுக்கு மலாய் தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று தெரியும். அவள் மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் பேசியது என் வாய்.

"நார் பழசாம் அப்பா. தெரிஞ்சேதான் கட்டினாராம்."

அப்பா அவரை அறைந்தார். ஒரு தடவை அல்ல. கூரைக்காரர் தடுக்கக் கையைத் தூக்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று. அவர் மனைவி கீழே விழுந்த நாரைப் பொறுக்கிக்கொண்டாள். மீதி உப்பும் கிடையாது, துணியும் கிடையாது என்று விரட்டினார்கள். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். பேர் வைக்கவில்லை, அதனால் பேர் சொல்லி அழக்கூட அம்மாவுக்கு வழியில்லை.

பிறகு திரிங்காப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் ஒதுங்கியிருந்த ஒரு சீனத் தச்சரை அப்பா கெஞ்சிக் கூட்டி வந்தார். அவர் பலகையும் பையுமாக, சேற்றுக் காலோடு நேரே அடுக்களைக்குள் போய் அடுப்பு மேட்டில் ஏறி நின்றார். அத்தை கையை நீட்டி மறிக்கவில்லை. எனாமல் குவளையில் தேநீர் கொடுத்தாள். அடுப்பை யாரும் இடித்துக் கட்டவில்லை.

தச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் தமிழும் மலாயும் கலந்து சொன்னார். "கீழே நல்ல கட்டு. மேலே கட்டையிலே பிரம்பே இல்லே, அறுந்த துண்டுகூட இல்லே. உள்ளே கட்டினது சின்ன ஆளு லா. இதுக்கு மேலே கை போகலே."

அப்பா பரணைப் பார்த்தார். கைமரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா. பரண்ல ஏறு."

ஏறினேன்.

"கையத் தூக்கு."

தூக்கினேன். நல்ல கட்டுகள் முடிகிற இடத்தில் என் விரல் நுனி நின்றது.

அப்பா "எறங்கு" என்றார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் வாசலில் கிடந்த தட்டிகளைத் தானே உடைத்து அடுப்பில் வைத்தார், ஒன்று விடாமல். அந்த மனிதரைத் தேடிப் போகவில்லை. அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தனுப்பவில்லை. பக்கத்து எஸ்டேட் கங்காணிகளிடம் அவரைச் சேர்க்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததைத் திருப்பி வாங்கவும் இல்லை. ஊர் முன்னால் கை நீட்டிவிட்ட கங்காணி, அதுவும் சிரட்டையில் குடிக்கிறவரிடம், தப்பு செய்துவிட்டேன் என்று எப்படிப் போய் நிற்பது? சாகிற வரைக்கும் என் தம்பியைக் கொன்றது கூரைக்காரன் என்றே சொன்னார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். அப்போது தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றவள் நான்.

கூரைக்காரரைக் கடைசியாக நான் பார்த்தது, தச்சர் வந்து போய்ச் சில வாரங்கள் கழித்து. நீங்களும் இருந்தீர்கள். கீழ் ரோட்டில் கூரைக்காரரும் அவர் மனைவியும் பிரம்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நம் எஸ்டேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை கிடைக்கிற இடம் தேடி இன்னும் மேலே, கியா பார்ம் பக்கம் போயிருப்பார்கள். இருவரும் மெலிந்திருந்தார்கள். மேட்டில் விளையாடிக்கொண்டிருந்த நாம் எல்லாரும் ஓரத்துக்கு ஓடினோம். "புள்ளையக் கொன்னவன்" என்று ஒரு குரல் கிளம்பியது. உங்களில் ஒருவன், இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவன், ஒரு கல்லைப் பொறுக்கி என் கையில் வைத்தான்.

"மொத கல்லு நீ போடு லா. ஒன் தம்பிதானே."

எறிந்தேன். அவர் தோளில் பட்டது. அவர் நின்று, திரும்பி, மேட்டில் வரிசையாக நின்ற முகங்களில் என்னைக் கண்டுபிடித்தார். முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அடி எதுவும் விழுந்ததா என்று தேடுகிற பார்வையாக இருந்தது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் கை தட்டிக்கொண்டிருந்தீர்கள். முதல் கல்லைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள். இரண்டாவது கல்லை நானே குனிந்து எடுத்தேன்.